மிச்சச் சோற்றில் தண்ணீர்

சித்தூரைத் தாண்டி, பூதலப்பட்டு ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது இடது செருப்பின் வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நடப்பதைவிட வெறுங்காலில் நடப்பது சுலபம். இரண்டையும் கழற்றி ஒரு புளியமரத்தடியில் விட்டுவிட்டு நடந்தேன். முகத்தைத் துடைக்கத் தோளுக்குக் கை போனபோதுதான் துண்டு இல்லை என்று தெரிந்தது. வீட்டுச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டியது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். சட்டை நுனியால் துடைத்துக்கொண்டேன்.

வீட்டைவிட்டுக் கிளம்பியது முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்தில். வீடு குடிபாலாவுக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. நான் அப்போது ஒரு கரும்பாலையில் இருந்தேன். பாகு காய்கிற கொப்பரைக்கு அடியில் காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் வேலை. அன்று மத்தியானம் அதை விட்டுவிட்டேன். யாரோடும் சண்டை இல்லை. தள்ளிக்கொண்டிருந்த கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வேலைகளை நான் அப்படித்தான் விட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் செங்கல் சூளை, அதற்கும் முன்னால் வேலூரில் ஒரு பாத்திரக் கடை. அஞ்சாம் வகுப்பை விட்டதும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இருந்ததில்லை.

ஆலையிலிருந்து வந்தவன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பொழுது சாயும்வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனேன். அதற்குள் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருக்கும் என்று தெரியும். மனைவி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. துண்டை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் எழுந்து ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவள் அதைச் சோற்றுப் பானையில் ஊற்றி மூடினாள்.

நான் வளர்ந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றுவார்கள். காலையில் அதுதான் ஆகாரம். ஊற்றிவிட்டால் அந்தப் பானையில் விடியும்வரை யாரும் கை வைக்கமாட்டார்கள். ஒருத்தன் பசியோடு உட்கார்ந்திருக்க, அவன் கண்ணெதிரே ஊற்றுவது என்றால், எழுந்து போ என்று வாயால் சொல்வதைவிட அது பெரிது. நான் எழுந்துவிட்டேன்.

வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டாள்: "இப்பத்தான வந்த. அதுக்குள்ள எங்க போவற?"

தண்ணீரை ஊற்றினவள் எதற்கு இதைக் கேட்க வேண்டும்? பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆனால் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். அவள் என்னைத் துரத்தினாளா, நானாக வந்துவிட்டேனா? அது தெரிந்தால்தான் திரும்பிப் போகலாமா கூடாதா என்று தெரியும். நானாக வந்திருந்தால் நானாகத் திரும்பலாம். துரத்தப்பட்டவன் மறுபடியும் போய் வாசலில் நிற்க முடியாது. ராத்திரி சித்தூரில் ஒரு மண்டியின் வெளித்தாழ்வாரத்தில் படுத்தேன். காலையில் திருப்பதிப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். அங்கே வேலை கிடைக்கும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகத்தில் இருந்தது.

பூதலப்பட்டு தாண்டி மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. ஓட்டுகிறவர் தெலுங்குக்காரர். ஏறி உட்கார்ந்ததும் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"மனதா, வாள்ளதா?" என்றார். நம்முடையதா, அவர்களுடையதா என்று.

அந்தக் காலத்தில் வழியில் கண்ட எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். ஆந்திரா தனியாகப் பிரிந்திருந்தது. எல்லை ஓரத்து ஊர்களில் எது யாருக்கு என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது, முடிந்தபாடில்லை. டீக்கடைக்கு டீக்கடை ஒரு தீர்ப்பு. "இன்னும் சொல்லலை அன்னா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே காலடியில் கிடந்த பத்திரிகை ஒன்றை எடுத்துக் கண்ணாடியின் புழுதியைத் துடைத்து, என் பக்கம் போட்டார். அட்டை இல்லாத தமிழ் வாரப் பத்திரிகை. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தனக்கு அதில் பொம்மைகூடப் புரியவில்லை என்றார்.

சந்திரகிரியில் இறங்கி, ஒரு கிணற்றடியில் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தேன். நான் படிப்பது எழுத்துக் கூட்டித்தான். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் போவேன். நடுவில் ஒரு கதை இருந்தது. இரண்டு தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற படம். அதைப் பார்த்துத்தான் படித்தேன்.

கதை இதுதான். ஏதோ ஒரு பட்டணத்தில் ஒண்டுக் குடித்தனம். புருஷன் ஆபீசில் வேலை பார்க்கிறவன். வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டான், வீட்டில் சொல்லவில்லை. பக்கத்துப் போர்ஷன் அம்மாள் மூலம் பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று சாயங்காலம் அவன் வருகிறான். அவள் காப்பி கொடுக்கிறாள். அவன் மழை வரும்போல் இருக்கிறது என்கிறான். அவள் 'ம்' என்கிறாள். அவன் பக்கத்து வீட்டு ரேடியோவைப் பற்றிச் சொல்கிறான். அதற்கும் 'ம்'. மூன்றாவது 'ம்' வந்ததும் டம்ளரைத் தூக்கி எறிகிறான். அது உருண்டுபோய் அவள் கால் பக்கம் நிற்கிறது. அவள் அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். அவள் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடுகிறாள். அவ்வளவுதான்.

விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அச்சடித்தவர்கள் மீதியை விட்டுவிட்டார்களோ என்று அடுத்த பக்கம் பார்த்தேன். அங்கே தலைவலித் தைலத்துக்கு விளம்பரம். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

கதை என்றால் எனக்குக் கூத்துதான் தெரியும். கூத்தில் யார் மேல் தப்பு என்பதில் சந்தேகமே வராது. நடுவில் கோமாளி வந்து சொல்லிவிடுவான். இதில் எழுதினவர் யார் பக்கமும் சேரவில்லை. டம்ளர் எப்படி உருண்டது என்பதற்கு மூன்று வரி எழுதியிருக்கிறார். சுவரில் ஒரு பல்லி இருந்ததாம், அதையும் எழுதியிருக்கிறார். அவன் திரும்பி வந்தானா, அது கிடையாது. அவள் அழுதாளா, அதுவும் கிடையாது. பட்டணத்துப் பெண், ஆபீஸ்காரன் பெண்டாட்டி, என் வீட்டில் நடந்ததையே செய்கிறாள். அவளுக்கும் இவளுக்கும் யார் சொல்லிக்கொடுத்தது? அவள் ஏன் ஊற்றினாள் என்று தெரிந்தால் இவள் ஏன் ஊற்றினாள் என்பதும் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனமான எண்ணம்தான். ஆனால் கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திருப்பதிக்கு நடந்தேன். அங்கே இரண்டு மூன்று இடத்தில் கேட்டேன். ஒரு லாட்ஜில் தெலுங்கு படிக்கத் தெரியுமா என்றார்கள். பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. இன்னொரு இடத்தில் என் காலைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பூக்காரர், திருச்சானூரில் குளத்துக்குப் பின்னால் நம்ம பக்கத்து ஆட்கள் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள், கேட்டுப்பார் என்றார்.

கடை என்றால் ஒரு கொட்டகை, இரண்டு பெஞ்சு, பின்னால் அடுப்பு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்டவர்கள். நான் போனபோது மத்தியானக் கூட்டம் முடிந்து பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. வேலை இருக்கிறதா என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"மொதல்ல துன்னு. அப்புறம் தேய். அதுக்கப்புறம் கேளு" என்றாள்.

அந்த வரிசையிலேயே செய்தேன். அவளை அக்கா என்றும் அவரை மாமா என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். சாம்பலும் தேங்காய் நாருமாகக் குனிந்து தேய்க்கும்போது இடுப்பிலிருந்து பத்திரிகை விழுந்தது.

"இன்னாது அது?" என்றார் மாமா. பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கத மாமா."

"படி, கேக்கலாம். இவளுக்கு வாய் மட்டும்தான் வேல செஞ்சிக்கினு கீது. காதுக்கும் வேல குடுப்போம்."

"என் வாய் வேல செய்யலன்னா உன் வாய்க்கு ஒண்ணும் போவாது" என்றாள் அக்கா. பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

இன்னொரு பெஞ்சில் ஒரு வண்டிக்காரர் படுத்திருந்தார். சித்தூரிலிருந்து வெல்லம் ஏற்றிக்கொண்டு இரண்டு மாட்டு வண்டியோடு வந்தவர். தமிழ் புரியும், பேசுவது தெலுங்கு. அவரும் ஒரு கண்ணைத் திறந்தார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். தட்டித் தடுமாறித்தான். டம்ளரை எறிகிற இடம் வந்ததும் மாமா, "சரிதான்" என்றார்.

"இன்னா சரி?" அக்கா கத்தியை நிறுத்தினாள். "தம்பி, டம்ளரு பித்தளையா, எவர்சில்வரா?"

"அது போடலக்கா."

"பித்தளைன்னா நசுங்கும். நசுங்கினத எடுத்துக்கினு ஈயம் பூசறவன் கிட்ட யாரு போய் நிக்கறது? அவதான். எறியறவனுக்கு இன்னா?"

"டம்ளரு கெடக்குதுடி. வாயத் தொறந்து, ஊரு மாத்திக்கினு வந்துட்டியான்னு கேக்கறதுதான? ம், ம்னு ஊமையாட்டம்."

"சொல்ல வேண்டியவன் அவன். அவ எதுக்குக் கேக்கணும்? நீ பேசறப்ப நான் ம்னு தவிர வேற இன்னா சொல்லிட முடியுது?"

"பாத்தியா தம்பி, கதை இங்க வந்துடுச்சி" என்றார் மாமா.

நான் கடைசி வரியைப் படித்து நிறுத்தினேன். வண்டிக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "கத அயிப்போயிந்தா?" என்றார். முடிந்துவிட்டதா என்று.

"முடிஞ்சிடுச்சு அன்னா."

"காகிதம் தீந்துபோயிருக்கும்" என்றார் மாமா. "ஆனா விஷயம் தெரிஞ்சிபோச்சி. புருஷங்காரன் இன்னும் துன்னல. தண்ணிய ஊத்திட்டா. இத விடத் திமிரு இன்னா வேணும்?"

என் நெஞ்சில் இருந்ததை யாரோ எடுத்து வெளியே வைத்தமாதிரி இருந்தது. இதைத்தான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இன்னொருத்தர் சொல்லிக் கேட்கும்போது, அவ்வளவு நிச்சயமாக இல்லை.

"அப்படித்தானாக்கா?" என்றேன்.

"போயா. அவன் வர மாட்டான்னு தெரிஞ்சா அவ எதுக்குத் தண்ணி ஊத்தறா? நாய்க்குக் கொட்டிட்டு இருப்பா. காலைல வந்து துன்னுவான்னுதான் ஊத்தறா."

"அவளே துன்றதுக்கு ஊத்தி இருப்பா" என்றார் மாமா.

"ஒருத்தி துன்றதுக்கு ஒரு பானையா?"

"ஒரு பானைன்னு யாரு சொன்னது? எவ்ளோ சோறுன்னு போட்டுக்கீதா தம்பி?"

பார்த்தேன். போடவில்லை. மிச்சச் சோறு என்று மட்டும் இருந்தது.

வண்டிக்காரர் எழுந்து உட்கார்ந்து தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டார். "அன்னம் மிகிலிந்தி, நீள்ளு போசிந்தி. அந்தே கதா" என்றார். சோறு மிஞ்சியது, தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதானே. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இதுதான் என்னை ரொம்பக் குழப்பியது. மாமா சொன்னதும் ஒரு மாதிரி சரி, அக்கா சொன்னதும் சரி. ஆனால் ஒரு காரணமும் இல்லாமல் ஒருத்தி ஊற்றியிருக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நான் வேலையை விட்டதற்குக் காரணம் இல்லாதபோது அவள் தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும் எதற்குக் காரணம் இருக்க வேண்டும்? மிச்சப் பாத்திரங்களைத் தேய்க்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அண்டாவை இரண்டு தடவை தேய்த்துவிட்டேன்.

அக்காவும் மாமாவும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. விளையாட்டாக ஆரம்பித்தது எந்த இடத்தில் வினையானது என்று நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் கோயிலுக்கு வந்தவர்கள் சாப்பிட வந்தார்கள். அவர் இலை போட்டார், அவள் பரிமாறினாள். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் என்னிடம் சொன்னாள்.

"தம்பி, ரசம் போதுமான்னு அந்த மனுஷன கேளு."

அந்த மனுஷன் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். "போதும்னு சொல்லு தம்பி" என்றார்.

விளக்கு ஏற்றினார்கள். கூட்டம் வடிந்தது. நானும் வண்டிக்காரரும் சாப்பிட்டோம். அக்காவும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாமா மட்டும் சாப்பிடவில்லை. பெஞ்சுகளைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். அவளாகக் கூப்பிடட்டும் என்று இருந்திருக்கலாம். அவள் கூப்பிடவில்லை. எழுந்து கை கழுவினாள். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு சோற்றுக் குண்டானுக்குப் போனாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மாமா துடைப்பதை நிறுத்தினார். வண்டிக்காரர்கூட பீடி பற்ற வைக்கப் போனவர் குச்சியைக் கையில் பிடித்தபடி பார்த்தார். கதையில் வந்ததையே இன்னொரு தரம் பார்க்கப்போகிறோம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு மட்டும் அது ஞாபகத்தில் இல்லாததுமாதிரி இருந்தது. தண்ணீரை ஊற்றினாள். தட்டைப் போட்டு மூடினாள். திரும்பினாள்.

"இன்னா மூணு பேரும் வாயப் பொளந்துக்கினு பாக்கறீங்க?"

"நான் இன்னும் துன்னலடி" என்றார் மாமா. மத்தியானத்திலிருந்து பேசாமல் இருந்ததெல்லாம் போய்விட்டது.

"யாரு உன்ன வேணாம்னது?" அடுப்போரத்தைக் கை காட்டினாள். அங்கே ஒரு முறம் கவிழ்த்துக் கிடந்தது. "எடுத்துத் துன்றதுக்குக்கூட வெத்தல பாக்கு வெச்சி அழைக்கணுமா?"

மாமா போய் முறத்தைத் தூக்கினார். கீழே ஒரு தட்டில் சோறு, ஓரத்தில் பூசணிக்காய்க் கூட்டு, கிண்ணத்தில் ரசம். சூடு ஆறியிருக்கவில்லை. அவர் எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

வண்டிக்காரர் பீடியைப் பற்ற வைத்தார். நான் நின்றபடியே இருந்தேன்.

"அக்கா, அப்படி எடுத்து வெச்சிட்டுத்தான் தண்ணி ஊத்துவாங்களா?"

"பின்ன? கடசி ஆள் வர்ற வரைக்கும் பானையத் தொறந்து வெச்சிக்கினு உக்காந்திருந்தா காலைல புளிக்குமா? ஆளுக்கு எடுத்து மூடி வெச்சிட்டு பானைய முடிச்சிடணும்." என்னைப் பார்த்தாள். "ஏன், உங்க வூட்ல எப்படி?"

"எங்க வூட்ல எல்லாரும் துன்னப்புறம்தான் ஊத்துவாங்க."

"அது உங்க பக்கம். எங்க பக்கம் இப்படி."

"பாலசமுத்திரம் பக்கம் எப்படிக்கா?"

"அங்க யாரு உனக்கு?"

"சம்சாரத்துக்கு ஊரு."

மாமா சாப்பிட்டுக்கொண்டே, "அதானே பாத்தேன். கதைய அவ்ளோ உருக்கமா படிச்சான்" என்றார்.

"நீ துன்னு" என்று அவரை அதட்டிவிட்டு அவள் சொன்னாள்: "எனக்குத் தெரியாது தம்பி. நான் அந்த ஊருக்குப் போனதில்ல. எங்க பக்கம் மாதிரியும் இருக்கலாம், உங்க பக்கம் மாதிரியும் இருக்கலாம். எடுத்து வெச்சிருந்தாளா, பாத்தியா?"

பார்க்கவில்லை. பானையை மட்டும்தான் பார்த்தேன்.

ஒரு வருஷம் ஒரு வீட்டில் இருந்தும் இது தெரியாதா என்று கேட்டால், தெரியாதுதான். ஆலை நடக்கும் மாதங்களில் ராத்திரிச் சாப்பாடு எனக்கு அங்கேயே. மற்ற மாதங்களில் நான் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். அதற்கப்புறம் அடுப்படியில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவள் ஊரில் எப்படிச் செய்வார்கள் என்று கேட்கத் தோன்றியதும் இல்லை. அவள் எங்கள் பக்கத்து வழக்கத்தைக் கேட்டாளா? அதுவும் ஞாபகமில்லை.

பெஞ்சில் படுத்துக்கொண்டு அந்தச் சாயங்காலத்தை மறுபடியும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறமாதிரி நினைத்துப் பார்த்தேன். உள்ளே போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். அடுப்போரத்தில் ஏதாவது இருந்ததா? இருட்டு. கோழிகள் உள்ளே வந்து போகிற வீடு. எதையாவது மூடி வைத்தால் முறத்தைத்தான் கவிழ்ப்பாள். முறம் இருந்ததா? தெரியவில்லை. துண்டை மாட்டினேன்.

அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். துண்டை மாட்டிய ஆணி முறம் மாட்டுகிற ஆணி. அந்த வீட்டுச் சுவரில் இருந்தது ஒரே ஆணிதான். எப்போதும் அதில் முறம் தொங்கும். துண்டை நான் கொடியில்தான் போடுவேன். அன்றைக்கு ஆணி காலியாக இருந்ததால் மாட்டியிருக்கிறேன்.

அப்படியானால் முறம் எங்கே இருந்தது?

இதைச் சொன்னால் எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைப்பார்கள். தெளியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். மிளகாய் காயப் போட்டிருக்கலாம். அரிசி புடைத்துவிட்டு அப்படியே எங்கேயாவது சாய்த்து வைத்திருக்கலாம். கதையில் அந்தப் பட்டணத்துப் பெண் ஒரு தட்டை மூடி வைத்திருந்தாளா என்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் போதவில்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. எழுதினவர் பல்லியைச் சொல்லியிருக்கிறார், தட்டைச் சொல்லவில்லை. இல்லாததால் சொல்லவில்லையா, எல்லா வீட்டிலும் இருப்பதுதானே என்று சொல்லவில்லையா? இல்லை, அவரும் பானையை மட்டும்தான் பார்த்தாரா, என்னைப்போல? அதற்குப் பிறகு எத்தனையோ கதைகள் படித்துவிட்டேன். அந்தக் கதை புரிந்தது என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

காலையில் அக்கா குண்டானைத் திறந்து, முந்தின நாள் சோற்றைப் பிசைந்து, உப்பும் மோரும் விட்டு, கொட்டகைக்கு வருகிற வண்டிக்காரர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் ஊற்றினாள். நானும் ஒரு சட்டி குடித்தேன். நன்றாகப் புளித்திருந்தது.

"இங்கயே இரு தம்பி" என்றார் மாமா. "பாத்தரம் தேய்க்க, தண்ணி சேந்த ஒரு ஆள் வேணும்தான். படுக்க பெஞ்சு கீது. மத்தியானம் கத படி. இவளோட சண்ட போட எனக்கும் ஒரு சாக்கு வேணும்."

"சாக்கு இல்லாமலே நல்லாத்தான் போடற" என்றாள் அக்கா.

நல்ல வேலை. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது வண்டிக்காரர் மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவரோடு வந்த ஆளுக்கு மலைப் பக்கம் போன இடத்தில் காய்ச்சல் கண்டுவிட்டது. இங்கே சொந்தக்காரர் வீட்டில் விட்டிருந்தார். இரண்டாவது வண்டியை ஓட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. மாடு ஓட்டத் தெரியுமா என்று பொதுவாக எல்லாரையும் கேட்டார். அங்கே இருந்தவர்கள் யாருக்கும் சித்தூர்ப் பக்கம் போகிற அவசரம் இல்லை.

"எனக்குத் தெரியும் அன்னா" என்றேன்.

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "போவட்டும்" என்றாள்.

வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வழியில் சாப்பாடு உண்டு, மற்றபடி பெரிதாக எதுவும் எதிர்பார்க்கக்கூடாது என்று தெலுங்கில் சொன்னார். சரி என்றேன். சித்தூர் வரைக்கும்தான் என்றார். சித்தூர் வரைக்கும்தான் என்று நானும் சொன்னேன்.

"தருவாத்த?" என்றார். அதற்கப்புறம்?

"தெலீது" என்றேன். உண்மையாகவே தெரியாது. சித்தூரிலிருந்து குடிபாலா ரோடு ஒரு பக்கம் போகும். மற்ற ரோடுகளும் அங்கிருந்துதான் போகும்.

பத்திரிகையை வடை மடிக்க மாமா கேட்டார். கதை இருந்த இரண்டு தாளை மட்டும் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அக்கா ஒரு பழந்துணியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். "வெயில்ல மூஞ்சி தொடைக்க. சட்டையாலயே தொடச்சிக்கினு இருந்த, நேத்திக்கே பாத்தேன்" என்றாள்.

பின்வண்டி என் வண்டி. வெறும் சாக்குகள்தான் பாரம். அவற்றில் வெல்ல வாசனை இன்னும் போகவில்லை. இடத்து மாடு ரோட்டோரத்துப் புல்லுக்கே இழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள் என்று வண்டிக்காரர் முன்னாலிருந்து கத்தினார். ஏறி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடத்து மாட்டின் பக்கத்திலேயே நடந்தேன்.